பக்கத் தலைப்பு (விரிதாள் அச்சு)

பக்கத் தலைப்பு என்பது விரிதாளை அச்சிடும்போது ஒவ்வொரு பக்கத்தின் மேல் ஓரத்திலும் இடம்பெறும் உரைப்பகுதி. மைக்ரோசாப்ட் எக்செலில் இது இடம், நடு, வலம் என மூன்று பிரிவுகளைக் கொண்டது. பக்க எண், தேதி, கோப்புப் பெயர், படம் ஆகியவற்றை ஏற்கும். சூத்திரத்தையோ கலத்தின் மதிப்பையோ ஏற்காது. வடிவமைப்புக் குறியீடுகள் உட்பட 255 எழுத்துகளே வரம்பு. ‘&’ குறி அச்சில் வர அதை இருமுறை இட வேண்டும்.

இவ்வரம்புகளைக் கடக்க எளிய வழி, தாளின் மேல் வரிசைகளையே தலைப்பாக அமைத்து, ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ வசதியால் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப அச்சிடச் செய்வது. கட்டம், நிறம், சூத்திரம் அனைத்தும் அதில் இயலும். பெரும்பாலான அலுவலகத் தேவைகளுக்கு இதுவே போதும். ஆனால் மாறும் பக்க எண்ணை அவ்வரிசைகளில் காட்ட முடியாது என்பதால், எண்ணை மட்டும் பக்கத் தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ விடுவர். கலத்தின் மதிப்பு பக்கத் தலைப்பிலேயே வர வேண்டுமெனில், அச்சிடுவதற்குச் சற்று முன் அதை நகலெடுத்து நிரப்பும் மேக்ரோ தேவை. முதல் பக்கத்துக்கும், ஒற்றை இரட்டைப் பக்கங்களுக்கும் தனித்தனித் தலைப்பிடும் வசதி எக்செல் 2007 பதிப்பில் வந்தது.