ஒரே ரோடு, இரண்டு கரண்ட் பில்: வீட்டுக்காரனுக்காக யார் வாதாடுவது?

காரக்கோணம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகா, குன்னத்துக்கால் பஞ்சாயத்து. சிஎஸ்ஐ மருத்துவக் கல்லூரியால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரியும். அங்கிருந்து கொஞ்சம் நகர்ந்தால் விளவங்கோடு, அதாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை என்று கட்டிக்கொடுத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம்.

இரண்டு வீட்டிலும் அதே ஃபேன், அதே மிக்ஸி, அதே மோட்டார் பம்ப். ஆனால் பில் வேறு. தங்கை வீட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். அக்கா வீட்டில் அது கிடையாது. அதோடு கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டிவிட்டால் படிப்படியான கணக்கு போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. கல்யாணம் நடந்த வீட்டுக்கு அடுத்து வரும் பில் இப்படித்தான் பயமுறுத்தும் :-)

இந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள், அந்த இடத்தில் நம் வீட்டுக்காக யார் பேசுகிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் வரலாறு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948-ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டப்படி மாநில மின்வாரியங்களே கட்டணத்தை நிர்ணயித்தன. கேரள வாரியம் 1957-இல் பிறந்தது. வாரியம் முடிவெடுக்கும், அரசு தலையசைக்கும், நமக்கு பில் வரும். கேள்வி கேட்க மன்றம் எதுவும் இல்லை. இருந்த ஒரே மன்றம் தெருதான். கோவைப் பக்கம் 1970-இல் ஒரு பைசா உயர்வுக்கு எதிராக விவசாயிகள் கிளம்பினார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரத்தையே அடைத்து நின்றன. 1990-இல் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் வந்ததற்குப் பின்னால் இந்த நீண்ட கதை இருக்கிறது. 2000 ஆகஸ்டில் ஹைதராபாத் பஷீர்பாகில் கட்டண உயர்வை எதிர்த்த ஊர்வலத்தின் மீது சுட்டபோதும் உயிர்கள் போயின.

விவசாயிக்கு சங்கம் இருந்தது, மாட்டு வண்டி இருந்தது. மில் முதலாளிக்கு சங்கமும் வக்கீலும் இருந்தார்கள். வீட்டு இணைப்பு வைத்திருப்பவருக்கு என்ன இருந்தது? முணுமுணுப்புதான்.

நிலைமை மாறத் தொடங்கியது ஒரிசாவில். 1995-இல் சீர்திருத்தச் சட்டம் போட்டு, 1996-இல் தனி ஒழுங்குமுறை ஆணையம் வைத்தார்கள். 1998-இல் மத்தியச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டு ஆணையம் 1999-இலும் கேரள ஆணையம் 2002-இலும் அமைந்தன. இனிமேல் வாரியம் தானாக விலை வைக்க முடியாது. மனுப் போட வேண்டும்.

அப்போது கல்கத்தாவில் ஒரு முக்கியமான வழக்கு. அங்கே மின்சாரம் தரும் சிஇஎஸ்சி என்ற தனியார் நிறுவனத்தின் கட்டணத்தை ஆணையம் நிர்ணயித்தபோது நுகர்வோர்களும் பேசினார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கேட்கத் தேவையில்லை என்ற ரீதியில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபரில் அதைத் திருத்தியது. நுகர்வோருக்குத் தன் தரப்பைச் சொல்லும் உரிமையைச் சட்டமே தருகிறது. எப்படி, எத்தனை பேர் என்பதை ஆணையம் விதி போட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றது. நம் வீட்டு பில்லுக்கு இவ்வளவு நெருக்கமான தீர்ப்பு அதிகம் பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

பிறகு 2003 மின்சாரச் சட்டம். அதன் 64-ஆம் பிரிவு, கட்டண மனுவைச் சுருக்கமாக வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே உத்தரவு போட வேண்டும் என்கிறது. 94(3) இன்னும் சுவாரஸ்யம்: நுகர்வோர் நலனைப் பிரதிநிதித்துவம் செய்ய, தகுந்தவர் என்று தான் கருதும் எவரையும் ஆணையம் நியமிக்கலாம். இந்த 'லாம்' என்ற இரண்டு எழுத்தில்தான் எல்லாச் சிக்கலும்.

மகாராஷ்டிரா இதைப் பயன்படுத்திக்கொண்டது. மும்பை கிராஹக் பஞ்சாயத், புனேயின் பிரயாஸ் போன்ற அமைப்புகளை அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் பிரதிநிதிகளாகவே ஆணையம் வைத்தது. என்ரான் ஒப்பந்தத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்து மேய்ந்த பிரயாஸ்தான் இது. ஒடிசா ஆணையம் மனுவை அலசித் தர நுகர்வோர் ஆலோசகர் என்று வெளி நிறுவனத்தை அமர்த்தியது. தமிழ்நாட்டில் சென்னையின் சிஏஜி (1985-இல் தொடங்கியது, அரசின் தணிக்கை சிஏஜி அல்ல!) போன்ற தன்னார்வ அமைப்புகளும் ஓய்வுபெற்ற இன்ஜினியர்களும்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறார்கள். சம்பளம் இல்லை. எதிரே நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில மனு, அட்டவணைகள், ஆடிட்டர்கள்.

இதை எழுதும் நியூஜெர்சியில் கதை வேறு. இங்கே 1974-இல் பொதுமக்கள் வழக்கறிஞர் துறை என்று தனித் துறையே அமைத்தார்கள். கட்டண வழக்குகளுக்கு அதில் ஒரு பிரிவு. எண்ணெய் நெருக்கடியில் எல்லா விலையும் ஏறிய காலம். பென்சில்வேனியா, ஒஹையோவில் 1976-இல் இதே மாதிரி அலுவலகங்கள் வந்தன. நியூஜெர்சி அரசியல்வாதிகள் அந்தத் துறையை 1994-இல் கலைத்து, பத்தாண்டு கழித்து மீட்டு, 2010-இல் மறுபடி கலைத்தார்கள். ஆனால் கட்டணப் பிரிவை மட்டும் ஒருவரும் தொலைக்கவில்லை. செலவை மின், எரிவாயு, தண்ணீர் நிறுவனங்களிடம் வசூலிக்கிறார்கள். கடைசியில் அது நம் பில்லில்தான் வரும். ஆனாலும் அந்தச் சில்லறைக்கு வக்கீலும் பொருளாதார நிபுணரும் நம் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். எடிசன் பக்கத்தில் இருக்கும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு அலுவலகம் இருப்பது தெரியும்?

அந்த வக்கீல் என்னதான் செய்வார்? 'ஏற்றாதே' என்று சும்மா கத்துவதில்லை. நிறுவனம் முதலீடு என்று காட்டுவதில் எது உண்மையிலேயே பயன்பாட்டுக்கு வந்தது? அதற்கு எத்தனை சதவீத லாபம் நியாயம்? அதைவிட முக்கியம், மொத்தச் செலவில் வீட்டுக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு? தொழிற்சாலைத் தரப்பு வக்கீல் கடைசிக் கேள்வியில் குறியாக இருப்பார். அவர் பங்கு குறைந்தால் அந்தப் பாரம் வேறு யார் தலையிலாவது விழ வேண்டும். பெரும்பாலும் அந்தத் தலை கூட்டத்துக்கு வராத தலை.

இந்தியாவில் கூடுதலாக மின் இழப்பு, ஊழியர் செலவு, மானியம். 65-ஆம் பிரிவுப்படி அரசு இலவசம் அறிவித்தால் அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். தங்கை வீட்டு 100 யூனிட் வானத்திலிருந்து வருவதில்லை. கட்டணத்தைத் தொடாமலே வைப்பதும் உபகாரமில்லை. தமிழ்நாட்டில் 2003-க்குப் பிறகு 2010 வரை திருத்தமே இல்லை. கடன் குவிந்தது. 2012-இல் சராசரி 37 சதவீதம் ஒரே அடியாக விழுந்தது. வருடா வருடம் கணக்கைக் கேட்டிருந்தால் அடி இத்தனை பலமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பேசினால் பலன் உண்டா? 2024 செப்டம்பரில் கேரள ஆணையம் கோழிக்கோடு, பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரத்தில் கூட்டம் நடத்தியது. ஆட்கள் திரண்டு வந்து காரசாரமாகப் பேசினார்கள். டிசம்பரில் வந்த உத்தரவில் 2024-25-க்கு யூனிட்டுக்கு சராசரி 16 பைசா உயர்வு. வாரியம் கேட்டதில் பாதிகூட இல்லை. கோடைக்கு மட்டும் தனியாகக் கேட்ட 10 பைசா நிராகரிக்கப்பட்டது. முழுக்கக் கூட்டத்தால் என்று சொல்ல மாட்டேன், கூட்டத்துக்கும் பங்கு உண்டு.

நேர்மாறான உதாரணம், ஊரில் ஃப்ளாட் வாங்கிப் போட்ட நம்மவர்களுக்கு: 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு உத்தரவு, அடுக்குமாடிகளின் பொது விளக்கு, தண்ணீர் மோட்டார் இணைப்புகளைத் தனி வகையாக்கி யூனிட் 8 ரூபாய் வைத்தது. பில் வந்த பிறகுதான் பலருக்கு உறைத்தது. ஒரு வருடம் புலம்பி, 2023 அக்டோபரில் லிஃப்ட் இல்லாத, பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் உள்ள கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசு என்று அரசு இறங்கி வந்தது.

அந்த 2022 உத்தரவுக்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் நடந்தன. அக்கா வீட்டிலிருந்து திருவனந்தபுரம் கூட்டத்துக்கு பஸ்ஸில் போய்ப் பேசிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை, தன் பில்லைப் பற்றிப் பேச 250 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரைக்குப் போயிருக்க வேண்டும்.