தந்தி ஆபீசுக்கு வந்த தபால்

32 ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தினேன். நரம்பு மண்டலம் ஒரு பாடம், நாளமில்லாச் சுரப்பிகள் அடுத்த பாடம். "நரம்பு தந்தி மாதிரி, ஹார்மோன் தபால் மாதிரி, இரண்டும் வேறு வேறு" என்று கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்துச் சொல்வேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "சார், தந்தி ஆபீசுக்கும் தபால் வருமில்லையா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். ஓய்வு பெற்ற பின் படித்தபோதுதான் அவள் கேட்டது எவ்வளவு சரி என்று புரிந்தது.

அந்தக் கோடு விழுந்த கதையைச் சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செரிமான ஆராய்ச்சி என்றால் ரஷ்யாவின் பாவ்லோவ்தான். கணையத்தைச் சுரக்க வைப்பது வேகஸ் நரம்பு என்று நாய்களில் காட்டியிருந்தார். மூளைத்தண்டில் புறப்பட்டு, கழுத்து, மார்பு வழியாகக் குடல் வரை இறங்கும் நீண்ட நரம்பு அது.

1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லாமலே கணையநீர் சுரந்தது! குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் செலுத்தினார்கள். அப்போதும் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905இல் அறிமுகப்படுத்தினார்.

பாவ்லோவ் அதே சோதனையைத் தன் ஆய்வகத்தில் செய்யச் சொல்லிப் பார்த்தார். பேசாமல் அறைக்குள் போனவர், அரை மணி நேரம் கழித்து வந்து, அவர்கள் சொல்வதே சரி என்று ஒப்புக்கொண்டாராம். பெரிய மனசு. ஆனால் அதன்பின் நரம்பு ஒரு பக்கம், ஹார்மோன் ஒரு பக்கம் என்று பாடம் பிரிந்துபோனது.

1973இல் அமெரிக்காவில் கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும், கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோனைச் செலுத்தினால் எலி குறைவாகச் சாப்பிடுவதைக் கண்டார்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எப்படிப் போகிறது? 1981இல் ஸ்மித் குழுவினர் இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் கிளைகளை அறுத்துப் பார்த்தார்கள். ஹார்மோனின் அந்த வேலை நின்றுவிட்டது! மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் உணர்வு இழைகளே இதற்குக் காரணம் என்று 1985இல் உறுதியாயிற்று. வேகஸ் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்த வகைதான்.

நடப்பது இதுதான். உணவின் கொழுப்பும் புரதமும் சிறுகுடலைத் தொட்டதும், அங்குள்ள செல்கள் இந்த ஹார்மோனை விடுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் வேகஸ் நுனிகளின் ஏற்பிகளில் அது போய் ஒட்டுகிறது. நரம்பு செல்லுக்குள் கால்சியம் ஏறி, மின்துடிப்பு கிளம்பி, மூளைத்தண்டை அடைகிறது. கை தட்டை விட்டு விலகுகிறது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நரம்பே வேண்டாம் என்று காட்டிய அதே செக்ரெட்டினும் எலியின் வேகஸ் உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. லண்டன்காரர்களும் தோற்கவில்லை, பாவ்லோவும் தோற்கவில்லை.

உட்காரச் சொன்னது என் தப்பு அம்மா. இதை நீ படித்தால், தந்தி ஆபீசுக்கும் தபால் வரும் என்பதை உன் சாரும் தெரிந்துகொண்டார் என்று வைத்துக்கொள்.