ஹைலண்ட் ஓடையின் மீன்கள்: தூண்டில் எடுக்குமுன் அறியவேண்டிய வரலாறு

புரட்டாதி பிறந்து குளிர் தலைகாட்டத் தொடங்கியதும் மோர்னிங்சைட் பூங்காவிலே ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். எல்ஸ்மியர் வீதிக்கும் கிங்ஸ்டன் வீதிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் ஓடும் ஹைலண்ட் ஓடையில், முழங்காலளவு நீரில், ஒன்றரை முழ நீளமான மீன்கள் முதுகு வெளியே தெரிய நீரோட்டத்தை எதிர்த்து ஏறிச் செல்கின்றன. பாலத்தில் நின்று பார்ப்போரில் நம்மவர் பலர். சென்ற இலையுதிர் காலத்தில் அவ்விடத்தில் நின்ற முதியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "தம்பி, இதைப் பிடிக்கவும் பாஸ் எடுக்க வேணுமாமே?"

அந்த ஒரு சொல்லின் பின்னால் இருந்த துயரத்தை நாம் அறிவோம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து வடக்குக் கடல் நமது கடற்றொழிலாளருக்குச் சிறையாயிற்று. கடற்படையின் தடைவலயம், இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு, கரையிறங்கப் பாஸ் எனப் பல விலங்குகள் பூட்டப்பட்டன. மீனுக்குப் போனவர் திரும்பி வராத வீடுகள் கரையோரமெங்கும் உண்டு. இவற்றைக் கண்டு வந்த ஒருவருக்கு, இங்கே பொழுதுபோக்காக ஒரு தூண்டில் போடவும் அனுமதி வேண்டும் என்பது கசப்பாகவே இருக்கும். ஆயினும் இந்நாட்டு அனுமதிச்சீட்டின் பின்னால் உள்ள வரலாறு வேறானது. அதனை அறிந்த பின்னரே நாம் தூண்டிலைக் கையில் எடுத்தல் நன்று.

தமிழரும் தூண்டிலும்

தூண்டில் நமக்குப் புதியதன்று. குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் இன்று எவருக்கும் தெரியாது. அவர் 'மீனெறி தூண்டிலார்' என்றே அறியப்படுகிறார். யானை வளைத்த மூங்கில், அது கைவிட்டதும் மேலெழுவதை, மீனை இழுத்தெடுத்த தூண்டிற் கோல் நிமிர்வதோடு ஒப்பிட்டமையால் வந்த பெயர் அது. வள்ளுவரும் சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார்.

எனினும் ஊரிலே தூண்டிலும் வலையும் தொழிலாகவே இருந்தன. கரைவலை, வீச்சுவலை, களங்கண்டி, பறி என்பவற்றின் நுட்பங்களைக் கரையோர மக்களே அறிந்திருந்தனர். உள்ளூரில் வாழ்ந்தோர் மீனை உண்டனர். பிடித்தவரைச் சாதியால் தள்ளியும் வைத்தனர். இன்று அவர்களின் பிள்ளைகள் ஏரிக்கரையில் விரும்பித் தூண்டில் போடுகின்றனர். அந்தக் கைத்திறனை மதிக்க இங்கேயாவது நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

பொழுதுபோக்கு மீன்பிடி ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் போற்றப்பட்ட கலை. ஐசாக் வால்ரன் என்னும் ஆங்கிலேயர் அதுபற்றி 1653இல் வெளியிட்ட நூல் இன்றும் அச்சாகிறது. குடியேறிய வெள்ளையர் அக்கலையைக் கனடாவுக்கும் கொண்டுவந்தனர். ஆனால் ஸ்காபரோவின் ஓடைகளில் முதலில் நடந்தது கலையன்று, அழிவே.

மறைந்த மீன்

இந்நிலத்தின் முதற்குடிகள் பன்னெடுங்காலமாக இவ்வோடைகளில் மீன்பிடித்து வாழ்ந்தனர். 1793இல் மேல் கனடாவின் துணை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ, ஏரிக்கரையின் வெண்ணிறச் செங்குத்துப் பாறைகளைக் கண்டு, இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்து இப்பகுதிக்கு அப்பெயரை விரும்பினார். அக்காலத்தில் ஒன்ராறியோ ஏரியில் அத்திலாந்திக் சல்மன் மீன்கள் நிறைந்திருந்தன. ஊரில் ரின்னில் அடைத்த மீனை நாம் 'சமன்' என்போமே, அப்பெயருக்கு உரிய மீன் இதுதான். இலையுதிர் காலத்தில் அவை ஓடைகளில் ஏறும்போது, நமது பரவைக் கடலில் சூள் கொளுத்தி மீன் குத்துவதுபோல, இரவில் தீப்பந்தம் ஏந்தி ஈட்டியால் குத்தி எடுத்தனர்.

குடியேறியோர் பெருகியபோது ஓடைகளின் குறுக்கே மாவு ஆலைகளுக்கும் மர ஆலைகளுக்கும் அணைகள் எழுந்தன. முட்டையிட மேலேற வந்த மீன் அணையடியில் தடுக்கப்பட்டது. காடு வெட்டப்பட்டதால் நிழலற்ற நீர் சூடேறியது. அரித்து வந்த மண் முட்டையிடும் கூழாங்கற் படுக்கைகளை மூடியது. அணையடியில் சிக்கிய மீனை மக்கள் அளவின்றி அள்ளினர். நியூகாசில் ஊரைச் சேர்ந்த சாமுவேல் வில்மற் என்பவர் 1866இல் தம் நிலத்து ஓடையிலேயே முட்டை பொரிக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரசும் துணைநின்றது. ஆனால் காலங் கடந்துவிட்டது. 1898இல் ஸ்காபரோக் கரையருகே பிடிபட்டதே இந்த ஏரிக்குரிய சல்மன் இனத்தின் கடைசி மீன் எனப் பதிவாயிற்று. ஆம், நாம் இன்று வாழும் இதே ஸ்காபரோக் கரைதான்.

மீனோடு முதற்குடிகளின் உரிமையும் போயிற்று. இப்பகுதியை உள்ளடக்கிய 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் பின், ஏழு முதற்குடிச் சமூகங்கள் வேட்டையாடும் உரிமையையும் மீன்பிடி உரிமையையும் விட்டுக்கொடுத்தனவாகவே அரசுகள் நடந்துகொண்டன. தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின், 2018இல்தான் அவ்வுரிமைகள் ஏற்கப்பட்டன. அரசுகள் மன்னிப்பும் கோரின. சொந்த நீரிலே மீன்பிடிக்கத் தடையுற்ற மக்களின் வலி நமக்கு எவரும் விளக்கவேண்டியதன்று.

குடியேறிய மீன்

அப்படியாயின் இன்று நாம் பாலத்தில் நின்று பார்க்கும் மீன் எது? அது பசிபிக் கரையைச் சேர்ந்த சினுக் சல்மன். இந்த ஏரியில் பெருகிவிட்ட சிறு மீன்களைத் தின்பதற்காகவும் தூண்டில் விளையாட்டுக்காகவும் 1960களின் இறுதியிலிருந்து பசிபிக் சல்மன் இனங்கள் ஏரியில் விடப்பட்டன. வானவில் ட்ரவுட் மேற்குக் கரையிலிருந்தும் பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்தும் வந்தன. இந்த ஏரியின் புகழ்பெற்ற மீன்களிற் பல நம்மைப்போல வேறு நீரிலிருந்து வந்து வேரூன்றியவை.

அம்மீன்கள் ஏறிவரும் இப்பள்ளத்தாக்கு பூங்காவானதற்கும் ஒரு காரணம் உண்டு. 1954 ஒக்ரோபர் 15ஆந் திகதி இரவு ஹேசல் சூறாவளி வீசி, ஒன்ராறியோவில் 81 உயிர்களைப் பலிகொண்டது. ஹைலண்ட் ஓடைக்கரையிலும் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் ரொறன்ரோவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டு, நிலங்கள் பொதுவுடைமையாகிப் பூங்காக்களாயின.

மறைந்த அத்திலாந்திக் சல்மனை மீண்டும் ஏரியில் வாழவைக்கும் முயற்சி 2006இல் விரிவாகத் தொடங்கியது. அதற்குத் தெரிவான நீர்நிலைகளில் ஒன்று, நமக்குக் கிழக்கே ஏஜாக்ஸ் ஊடாக ஓடும் டஃபின்ஸ் ஓடை. அழிப்பது எளிது, மீட்பது அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அனுமதிச்சீட்டும் மீனெண்ணிக்கை வரம்பும் மூடுகாலமும் அந்த அழிவு கற்பித்த பாடங்களே.

தூண்டில் வகைகளும் முதற் பயிற்சியும்

பொழுதுபோக்கு மீன்பிடி பலவகைப்படும். மிதவை கட்டி இரை வைத்துக் காத்திருப்பது முதல்வகை. தொடங்குவோர்க்கு இதுவே உகந்தது. ஈயம் கட்டி இரையை அடியில் கிடத்துவது இரண்டாவது. மின்னும் உலோகத் தகட்டை எறிந்து, மீன் நீந்துவதுபோல் சுற்றி இழுப்பது மூன்றாவது. இறகாலும் நூலாலும் செய்த பொய்ப் பூச்சியைக் கனத்த நூலின் வீச்சால் நீரில் இறக்கும் ஈத் தூண்டில் நான்காவது. இதற்கு நெடும்பயிற்சி வேண்டும். சிம்கோ ஏரியில் மாரிகாலத்தில் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடிப்பது ஐந்தாவது. பழகியவர் துணையின்றி அதில் கால்வைக்கலாகாது.

பழகுவதற்கு ஓடையைவிட, பிரிம்லி வீதியின் தெற்கு முடிவில் உள்ள புளவ்வர்ஸ் பூங்கா ஏற்றது. ஆறேழு அடித் தடி, ஒரு ரீல், எட்டு இறாத்தல் தாங்கும் தங்கூசி, சிறு முட்கள், ஈயக் குண்டுகள், ஒரு மிதவை, மண்புழு ஆகியன போதும். தங்கூசியை முள்ளின் காதில் நுழைத்து, தன்னையே ஐந்தாறு முறை சுற்றி, நுனியைக் காதருகே உள்ள முதல் வளையத்தில் செலுத்தி, எச்சிலால் நனைத்து இறுக்குக. முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயமும் மூன்றடி மேலே மிதவையும் அமைக. எறியுமுன் பின்னால் குழந்தைகள் நிற்கின்றனரா எனப் பார்க்க. மிதவை துடித்தவுடன் இழுத்துவிடாது, அது நீருள் அமிழ்ந்ததும் தடியை உயர்த்துக. மீன் ஓடினால் நூலைச் சற்று விட்டு, களைத்தபின் சுற்றுக. திருப்பி விடும் மீனை நனைந்த கையால் பிடித்து, விரைவில் நீரில் விடுக.

சட்டத்திலும் சில செய்திகள் உண்டு. ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயதுவரை உள்ளோர் அனுமதிச்சீட்டு எடுக்கவேண்டும். கனடாவில் வாழும் சிறுவர்க்கும் 65 வயதைக் கடந்தோர்க்கும் அடையாள அட்டையே போதும். தந்தையர் தின வார இறுதி போன்ற சில நாள்களில் இங்கு வாழ்வோர் சீட்டின்றியே குடும்பமாகப் பிடிக்கலாம். மூடுகாலமும் பிடிக்கத்தகாத இடங்களும் நீர்நிலைக்கு நீர்நிலை மாறுவதால், அவ்வாண்டின் விதிநூலைப் பார்த்தே செல்க.

முட்டையிட ஏறும் சல்மன் இரை உண்பதை நிறுத்திவிடுவதால், சிலர் வெறும் முள்ளை இழுத்து அதன் உடலில் மாட்டி எடுக்கின்றனர். இது குற்றம். நம்மவரிலும் அறியாமையால் இவ்வாறு செய்து தண்டம் கட்டியோர் உளர். பிடித்த மீனை உண்ணுமுன் ஒன்ராறியோ அரசின் மீன் உணவு வழிகாட்டியையும் பார்க்கவேண்டும். பெரிய, முதிர்ந்த மீன்களில் நச்சுப்பொருள் மிகுதியாகச் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறுவருக்கும் அளவு மேலும் குறைவு.

முதியவருக்கு நாம் இவற்றையெல்லாம் பாலத்தில் வைத்தே சொன்னோம். அறுபத்தைந்தைக் கடந்த அவருக்குச் சீட்டே தேவையில்லை என்றபோது சிரித்தார். பின்பு ஓடையைப் பார்த்து, "அப்ப அங்கை மனிசரைத் தடுக்கப் பாஸ், இங்கை மீனைக் காக்கப் பாஸ்" என்றார். இதைவிடத் தெளிவாக நாம் எழுதிவிட முடியாது. நம் பிள்ளைகளுக்குத் தூண்டில் பழக்குவோம்; அதனோடு 1898இல் நம் கரையில் பிடிபட்ட அந்தக் கடைசி மீனின் கதையையும் சொல்வோம்.