பாட்டைத் தெரியும், பாட்டுக்காரரைத் தெரியுமா?

நண்பர்களின் இசை அறிவைச் சோதித்துப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். பொழுதுபோக்குத்தான். ஆனால் அதற்குள் நம்முடைய வரலாறும் இருக்கிறது என்பது என் கட்சி.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஐந்தாறு நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். ஒருவர் கேள்வி கேட்பார், தோற்றவர் எல்லோருடைய தே தாரிக்கிற்கும் பணம் கட்ட வேண்டும். கைப்பேசியைத் தொட்டவர் வடைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். இதுதான் எங்கள் சட்டம்.

ஒருநாள் நண்பரின் மகனும் வந்திருந்தான். "மடை திறந்து பாட்டு யாருடையது?" என்று கேட்டோம். "யோகி பி" என்றான் தயங்காமல். பெரியவர்கள் சிரித்தோம். அது 1980இல் வந்த 'நிழல்கள்' படப்பாடல். இசை இளையராஜா, பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். யோகி பி - நட்சத்திரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பில் அதற்குப் புதிய உருவம் கொடுத்தார்கள். "சரி மாமா, பாட்டை எழுதியது யார்?" என்று பையன் திருப்பிக் கேட்டான். எல்லோரும் ஒரே குரலில் "வைரமுத்து" என்றோம். அவர் அறிமுகமான படம் அல்லவா? தவறு! அந்தப் பாடலை எழுதியவர் வாலி. அன்று தே தாரிக் செலவு பெரியவர்கள் தலையில் விழுந்தது.

தெரியும் என்று நினைப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. "முதல் தமிழ்ப் பேசும்படம் எது?" என்றால் 1931 அக்டோபர் 31இல் வெளியான 'காளிதாஸ்' என்று உடனே சொல்லிவிடுவோம். அதில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேச, நாயகன் தெலுங்கு பேசினார் என்பதை எத்தனை பேர் சேர்த்துச் சொல்வோம்?

இருந்தாலும், பழைய தலைமுறைக்கு இவ்வளவு பெயர்கள் எப்படித் தெரிந்தன? அவர்கள் அமர்ந்து மனப்பாடம் செய்யவில்லை. பாட்டோடு பெயரும் சேர்ந்தே வந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைக் கிராமபோன் கம்பெனி பதிவு செய்தது. பாடி முடித்ததும், "என் பெயர் கௌஹர் ஜான்" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். காரணம், தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய்த்தான் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா? தொழிலுக்காகச் சொன்ன பெயர், ஒரு நூற்றாண்டு தாண்டியும் ஒலிக்கிறது.

அடுத்து வந்தது வானொலி. படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொன்ன பிறகுதான் பாட்டு ஒலிக்கும். இலங்கை வானொலி இதை ஒரு கலையாகவே வளர்த்தது. அதில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பின்னாளில் சன் தொலைக்காட்சிக்கும் வந்தது. நம் ஊரில், இன்று மின்னல் எப்.எம். என்று அழைக்கப்படும் அரசு வானொலி 'வானொலி 6' ஆக இருந்த காலத்தில், சமையலறையில் கேட்டுக்கொண்டே எங்கள் அம்மாவுக்குப் பாடலாசிரியர் பெயர்கள் எல்லாம் பாடமாகிவிட்டன.

பெயர் நழுவத் தொடங்கியது ஒலிநாடாக் காலத்தில். கிள்ளானில் கடைக்காரரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தால், பிடித்த பாடல்களைப் பதிவு செய்து கொடுப்பார். அட்டையில் பாட்டின் முதல் சொல் மட்டும் இருக்கும், பாடியவர் பெயர் இருக்காது. இன்று கைப்பேசியில் இலட்சம் பாடல்கள். கேட்கிறோம், தள்ளுகிறோம், அடுத்ததற்குப் போகிறோம். யாரும் நமக்குப் பெயரைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. நாங்கள் கேட்கும் கேள்விகள் எல்லாமே சென்னையைச் சுற்றியே வரும். ஒருநாள் ஒரு நண்பர் கேட்டார்: "பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய இயக்குநர் யார்?" மேசையே அமைதியாகிவிட்டது.

பினாங்கில் பிறந்த ரம்லியின் பாட்டை, 1948இல் புக்கிட் மெர்தாஜாம் பொருட்காட்சியில் கேட்டு, சிங்கப்பூருக்கு அழைத்துப் போனவர் இந்திய இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ். அந்த ஆண்டு வந்த 'சிந்தா' படத்தில் ரம்லி வில்லன். கதாநாயகனுக்குப் பின்னணி பாடியவரும் அவரே! 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். பின்னர் ரம்லி கோலாலம்பூருக்கு வந்து, உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணியாற்றி, 1973இல் மறைந்தார். செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகம். நாம் எத்தனை முறை அந்தப் பக்கம் போயிருப்போம்? அந்தக் கதையில் ஒரு தமிழருக்கும் இடம் உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா?

'அல்லிகேட்ஸ்' குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் பாடிய மலாய்ப் பாடல்கள் எல்லா இனத்தார் வீட்டிலும் ஒலித்தன. லோகநாதன் 2007இல் மறைந்தார். நம் போட்டிகளில் அவர் பெயர் வருகிறதா?

கடைசியாக, என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தீபாவளிக்குத் தோட்டத்து நாடகத்தில் பாடிய ஒரு பாட்டை, கிள்ளானுக்குக் குடிவந்த பிறகும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். மெட்டு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எழுதியது யார், ஆர்மோனியம் வாசித்தது யார்? நான் கேட்கவே இல்லை. அப்பா போய்விட்டார். எந்த இசைத்தட்டிலும் அந்தப் பாட்டு இல்லை, எந்த அறிவிப்பாளரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இணையத்தில் தேடிக் கிடைக்கிற விடையா அது? எங்கள் வீட்டில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்த விடை. அந்தக் கேள்விக்கு நான் தோற்றுத்தான் நிற்கிறேன், யாருக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுத்தாலும் அது தீராது.

அதனால் எங்கள் சட்டத்தில் இரண்டு விதிகளைச் சேர்த்திருக்கிறோம். கேள்விகளில் ஒன்றாவது நம் மண்ணைப் பற்றியதாக இருக்க வேண்டும். விடை சொன்னவர், அது தமக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். நீங்களும் விளையாடிப் பாருங்கள். நண்பர்களிடம் மட்டும் கேட்காதீர்கள், இன்று இரவு சாப்பாட்டு மேசையில் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளை உங்கள் பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால், நீங்கள் தோற்க மாட்டீர்கள்.