பிட்டும் தேங்காய்ப்பூவும்: செங்கலடிச் சந்தியிலிருந்து ஒரு பழைய கணக்கு

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பிழை கண்டால் திருத்துங்கள். ஏச வேண்டும் என்றாலும் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு முந்திய வாரம் தரம் பத்துக்கு வரலாற்றுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலில் சுஹதாக்கள் தினத்துக்கான ஏற்பாடு நடப்பதைப் பற்றிப் பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். 1990இல் ஏறாவூரில் நடந்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், அதே ஆண்டு வந்தாறுமூலையில் நடந்ததையும் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், நாங்க அவங்கட கதையப் படிக்கிறம். நம்மட ஆக்கள் மௌத்தான கதைய செங்கலடி ஸ்கூல்ல சொல்லிக் குடுப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த விசாரணைதான் இந்தப் பதிவு.

நம் பகுதியில் மேடை ஏறும் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் என்பது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் பிட்டு அவித்தவர்களுக்குத் தெரியும், மாவும் தேங்காய்ப்பூவும் தானாகச் சேர்வதில்லை. ஒரு கை மா, ஒரு கை பூ என்று யாரோ அடுக்க வேண்டும். நம் ஊரில் அதை யார் அடுக்கினார்கள், எப்போது கலைந்தது என்று பார்ப்போம்.

முதலில் பெயரில் இருந்து தொடங்குகிறேன். செங்கலடிச் சந்தி என்பது இரண்டு பெரிய வீதிகள் சேரும் இடம். பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாக வரும் ஏ5 வீதி இங்கேதான் முடிகிறது. மட்டக்களப்பு–திருகோணமலை வீதி குறுக்கே போகிறது. இங்கே இருக்கும் பிரதேச செயலகத்தின் பெயர் ஏறாவூர்ப்பற்று. அதன் கீழ் வாழ்பவர்களில் பெரும்பான்மை தமிழர்கள். ஏறாவூரில் இருக்கும் செயலகம் ஏறாவூர் நகர். அங்கே பெரும்பான்மை முஸ்லிம்கள். அலுவலகம் இரண்டாகியும் இரண்டும் ஏறாவூர் என்ற பெயரை விடவில்லை. அந்தப் பெயர் ஒரு காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. மட்டக்களப்பில் முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை மூண்டது. முக்குவருக்குத் துணையாகப் பட்டாணியர், அதாவது முஸ்லிம்கள், வந்தார்கள். இருவரும் சேர்ந்து திமிலரை வடக்கே துரத்தினார்கள். எதிரி திரும்ப ஏறி வராமல் தடுத்த இடம் ஏறாவூர். துரத்திப் போனவர்கள் வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை. சத்துருக்கொண்டான் என்ற பெயரிலேயே சத்துரு இருக்கிறான். இந்த மரபுக் கதைகளின் தொகுப்பான மட்டக்களப்பு மான்மியத்தை எப்.எக்ஸ்.சீ. நடராசா 1962இல் பதிப்பித்தார். ஊர்ப்பெயருக்குச் சொல்லும் விளக்கங்களை அப்படியே வரலாறு என்று எடுக்க முடியாது. ஆனால் நம் முன்னோர் தங்களைப் பற்றிச் சொல்ல விரும்பிய கதை எது என்பதை அவை காட்டுகின்றன. அது இரண்டு சமூகமும் ஒரே பக்கம் நின்ற கதை.

கதையை விடுங்கள், வாழ்க்கையைப் பாருங்கள். நம் இரு சமூகத்திலும் குடி தாய்வழியாக வருகிறது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். இலங்கையின் மற்றப் பகுதி முஸ்லிம்கள் பலருக்கு இது புதுமை. செங்கலடித் தமிழ்க் குடும்பத்துக்கு இதில் விளக்கம் தேவையில்லை, அவர்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். போடியார், முல்லைக்காரர், வட்டை விதானை என்று வெள்ளாமைக்கு இருக்கும் சொற்களும் ஒன்றே. எழுவான்கரை, படுவான்கரை என்று வாவியின் இரு கரைகளையும் சூரியனை வைத்துப் பெயரிட்டதும் ஒன்றாகத்தான்.

என் மூத்தவாப்பாவுக்குப் பதுளை வீதிப் பக்கம், உறுகாமக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் கொஞ்சம் இருந்தது. முல்லைக்காரராக இருந்தவர் கரடியனாற்றுப் பக்கத்துத் தமிழர். மூத்தவாப்பா அவரைத் தம்பி என்பார், அவர் இவரைக் காக்கா என்பார். பெருநாளுக்கு அவருக்குச் சாப்பாடு போகும், பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து பால்சோறு வரும். இது அன்பு மட்டுமில்லை. ஒருவரிடம் நிலம், மற்றவரிடம் உழைப்பு. ஒருவரில்லாமல் மற்றவருக்கு வெள்ளாமை இல்லை. இதில் ஏற்றத்தாழ்வும் இருந்தது என்பதை நாம் மறைக்கக்கூடாது. நிலம் யாருடையது, கூலி போதுமா என்ற கேள்விகள் அன்றே இருந்தன. ஆனாலும் சண்டை பிடித்தாலும் அடுத்த போகத்துக்கு மீண்டும் சந்திக்க வேண்டிய தேவை இருந்தது.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட பெரியவர்களிடம் கேளுங்கள். ஓடு பறந்த வீட்டுக்காரர்கள் கல்வீடு இருந்த இடமெல்லாம் ஓடினார்கள். அது யாருடைய வீடு என்று அன்றிரவு யாரும் பார்க்கவில்லை என்று என் உம்மம்மா சொல்லுவா.

அரசியலும் அப்படித்தான் இருந்தது. 1960இலிருந்து மட்டக்களப்புத் தொகுதி இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஆளுக்கொரு பிரதிநிதி கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் செ. இராஜதுரையும் ஐக்கிய தேசியக் கட்சியின் டொக்டர் பரீத் மீராலெப்பையும் அப்படித்தான் ஒரே தொகுதியிலிருந்து போனார்கள். இரண்டாவது வாக்கைக் கேட்கவாவது ஒரு வேட்பாளர் மற்ற ஊரின் ஒழுங்கைக்குள் நுழைய வேண்டியிருந்தது. 1989இல் விகிதாசார முறையும் விருப்பு வாக்கும் வந்த பிறகு அந்தத் தேவை குறைந்துவிட்டது. தன் ஊர்ப் பெட்டி நிரம்பினால் போதும். பக்கத்து ஊரைத் திட்டினால் பெட்டி இன்னும் வேகமாக நிரம்பும் என்பதையும் அரசியல்வாதிகள் கற்றுக்கொண்டார்கள்.

இனி 1990. 1985 ஏப்ரலிலேயே கிழக்கில் தமிழ்–முஸ்லிம் கலவரம் வெடித்து, ஊர்களுக்கிடையில் கோடு விழத் தொடங்கியிருந்தது. 1990 ஜூனில் இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் மீண்டும் போர் தொடங்கியது. நடந்தவற்றைத் திகதி வரிசையில் எழுதுகிறேன், தயவுசெய்து வரிசையாகவே வாசியுங்கள்.

ஓகஸ்ட் 3: காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஷஹீதானார்கள்.

ஓகஸ்ட் 11 இரவு, 12 விடிகாலை: ஏறாவூரின் ஓரக் கிராமங்களுக்குள் விடுதலைப் புலிகள் புகுந்தார்கள். குழந்தைகள், பெண்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஓகஸ்ட் 12: அம்பாறை மாவட்டத்தின் வீரமுனையில் கோவிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

செப்டெம்பர் 5: வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது. அவர்கள் திரும்பி வரவில்லை.

செப்டெம்பர் 9: சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் கிராமங்களைச் சேர்ந்த 184 பேர் சத்துருக்கொண்டான் இராணுவ முகாமில் கொல்லப்பட்டார்கள். அதிலும் குழந்தைகள், பெண்கள்.

38 நாட்கள். பழங்கதையில் நாம் ஒன்றாக நின்ற மூன்று ஊர்ப்பெயர்களும், ஏறாவூர், வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான், இந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாம் முதல் இரண்டு திகதிகளை நினைவுகூருகிறோம். அவர்கள் மற்ற மூன்றையும் நினைவுகூருகிறார்கள். ஐந்தையும் ஒரே தாளில் எழுதியவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு.

அதன் பிறகு உறுகாமத்து முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தார்கள். மூத்தவாப்பாவின் வயலுக்கும் யாரும் போகவில்லை. செங்கலடியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் கறுத்தப்பாலம் எல்லையாகிவிட்டது. இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் புலிகள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகு ஒருநாள் அந்த முல்லைக்காரர் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அப்போது சின்னப்பிள்ளை. ஒரு மூடை நெல்லும் ஒரு கொப்பியும் கொண்டுவந்திருந்தார். விதைத்த வருடம், விதைக்காத வருடம், புலிகளுக்கு வரி கட்டியது எல்லாம் கொப்பியில் எழுதியிருந்தது. "காக்கா, கணக்குப் பாத்தா நான்தான் இன்னும் தரக் கிடக்கு" என்றார். மூத்தவாப்பா கொப்பியைத் திறந்தே பார்க்கவில்லை. இரண்டு பேரும் திண்ணையில் இருந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா என்றால், இல்லை. யூகோஸ்லாவியா உடைந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது சேர்பியாவில் பிரியெபோல்யே என்ற நகரம் கண்ணில் பட்டது. லிம் ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம். சேர்பியக் கிறிஸ்தவர்களும் பொஸ்னிய முஸ்லிம்களும் ஏறத்தாழச் சரிபாதியாக வாழ்கிறார்கள். பள்ளிவாசல் ஊருக்குள், 13ஆம் நூற்றாண்டு மிலெசேவா மடாலயம் ஊருக்குக் கிட்ட. பேசும் மொழியும் ஒன்றுதான். நம் கதைதான்.

1993 பெப்ரவரி 27ஆம் திகதி பெல்கிரேட்டிலிருந்து பார் துறைமுகத்துக்குப் போன ரயிலை, ஸ்த்ர்ப்சி என்ற நிலையத்தில் ஆயுததாரிகள் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்து 20 பேரை இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள், பிரியெபோல்யேக்காரர்களும் அதில் இருந்தார்கள். ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். எழும்பித் தட்டிக் கேட்டவர் தோமோ பூசொவ் என்ற ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. அவர் முஸ்லிம் இல்லை, குரோவாசியர். அவரையும் இறக்கிக் கொன்றார்கள். இன்று பிரியெபோல்யேயில் அந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூரும்போது அவருடைய பெயரும் பட்டியலில் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம் பக்கத்திலும் தோமோ பூசொவ்கள் இருந்திருக்கிறார்கள். அண்டை வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொன்னவர்கள், இரவோடு இரவாகத் தகவல் அனுப்பியவர்கள், கொப்பியோடு வந்தவர்கள். நாம் அவர்களின் பெயரை எழுதி வைக்கவில்லை.

இப்போது நிலைமை என்ன? 2007 ஜூலையில் குடும்பிமலை வரை இராணுவம் பிடித்த பிறகு பதுளை வீதி திறந்தது. 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் முஸ்லிம் காங்கிரஸும் சேர்ந்து மாகாணசபையை நடத்தின. ஏறாவூரைச் சேர்ந்த ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சரானார். மேலே கைகோத்தார்கள். கீழே நமக்குள் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு சில மாதங்கள், வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையிலேயே என் முகத்தைப் பார்க்காமல் மிச்சக் காசு தந்தார்கள். அவர்கள் பயம் எனக்கு விளங்கியது, என் வலியும் எனக்கு இருந்தது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். ஏறாவூர் முஸ்லிம் பாடசாலைகள் மட்டக்களப்பு மத்தி வலயம். அதே வலயத்தில்தான் காத்தான்குடியும் ஓட்டமாவடியும் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று தொடாத துண்டுகளாக. செங்கலடிப் பாடசாலைகள் கல்குடா வலயம். போருக்குப் பிறகு பாதுகாப்பும் நியாயமான நிர்வாகமும் வேண்டும் என்று நம்மவர்கள் கேட்டதற்குக் காரணம் இருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஏறாவூர்ப் பிள்ளை வலய விளையாட்டுப் போட்டியில் காத்தான்குடிப் பிள்ளையோடு ஓடுகிறாள். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் செங்கலடிப் பிள்ளையை அவள் சந்திப்பதே இல்லை. மொழி ஒன்று, பாடப்புத்தகம் ஒன்று, பஸ் ஒன்று. ஒருத்தியின் பெயர் மற்றவளுக்குத் தெரியாது.

மூத்தவாப்பாவையும் முல்லைக்காரரையும் சேர்த்து வைத்தது நல்ல மனம் மட்டுமில்லை, அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அந்தத் தேவையே இல்லாத மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டோம். பிறகு மேடையில் ஏறிப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்கிறோம்.

சரி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். கல்வியியற் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி இப்போது செங்கலடிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறா. அவவிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "இல்லடி, நாங்க சொல்லிக் குடுக்கிறேல்ல. ஏறாவூர்ல என்ன நடந்த எண்டு எனக்கே ஒழுங்காத் தெரியா. எங்கட வீட்ட வந்தாறுமூலையப் பத்தித்தான் கதைப்பாங்க." பிறகு அவவே சொன்னா: "நீ எழுது. நான் எங்கட பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறன்."

அதற்காகத்தான் இதை எழுதினேன். இன்ஷா அல்லாஹ், அவ எழுதித் தருவதை நான் என் வகுப்பில் வாசிப்பேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் வாப்பாவோ உம்மாவோ, அப்பாவோ அம்மாவோ, அந்த நாட்களில் மற்றச் சமூகத்தவர் ஒருவர் செய்த உதவியைச் சொல்லியிருந்தால், அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த ஐந்து திகதிகளையும் அதே கொப்பியில் எழுதுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மூத்தவாப்பா திறந்து பார்க்காத அந்தக் கொப்பி இப்போது எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த நாட்களில் உயிரிழந்த எல்லோருக்காகவும் இன்று ஒரு நிமிடம் கையேந்துங்கள்.