கழுகுமலைப் பாறையும் மனித இயல்பும்

மனிதன் இயல்பால் நல்லவனா, தீயவனா? இவ்வினாவை எழுப்பாத தத்துவ மரபு உலகில் அரிது. பழஞ்சீனத்தில் மென்சியஸ் என்பார், கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்ட அளவில் எவர் நெஞ்சும் பதறும் என்பதைச் சான்றாகக் காட்டி, மனித இயல்பு நல்லதே என்றார். அவர்க்குப் பின்வந்த சுன்ட்சி, இயல்பு தீயதே, நன்மை பயிற்சியால் அமைவது என்று மறுத்தார். மேலைநாட்டுப் புனித அகஸ்டின், முதல் மனிதன் செய்த பாவம் மனித குலம் முழுவதையும் தொடர்கிறது என்றார். நம் ஆருகத சமயம் தரும் விடை இம்மூன்றனுள் எதனோடும் முற்றும் ஒத்ததன்று. அவ்விடை நம் நூல்களில் இருப்பதுபோலவே தென்பாண்டி நாட்டுப் பாறையொன்றிலும் செதுக்கப்பட்டிருக்கிறது.

இராசபாளையத்தை அடுத்துள்ள சோழபுரம், பாண்டி நாட்டினுள் சோழர் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூரும் அதற்கு அண்மையிலேயே உள்ளது. அப்பகுதி மக்களுள் பலர்க்குச் சமணம் என்பது பாடநூலில் படித்து மறந்த சொல். வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்து நம் குடும்பத்தாரும் தெற்கே அத்துணைத் தொலைவில் நமக்கு என்ன இருக்கிறது என்று எண்ணுவதுண்டு. ஆனால் அதே விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள குறண்டியில், திருக்காட்டாம்பள்ளி என்னும் புகழ்பெற்ற சமணப்பள்ளி இருந்தது. சோழபுரத்துக்குத் தென்கிழக்கே, ஒரு முற்பகலில் சென்று சேரக்கூடிய தொலைவில், கழுகுமலை உள்ளது.

கழுகுமலையின் பழம்பெயர் அரைமலை. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியில், அம்மலைச்சரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட அருகர் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. அவற்றின் கீழே வட்டெழுத்தில், அதைச் செய்வித்தவர் பெயரும் ஊரும் காணப்படுகின்றன. குறண்டியிலிருந்து வந்த துறவியரும், இன்றைய குமரி மாவட்டத்துத் திருச்சாரணத்துக் குரத்தியரும் அவர்களுள் உண்டு. குரத்தி என்பது பெண் ஆசிரியரைக் குறிக்கும் சொல். பெண்கள் சமயாசிரியராக வீற்றிருந்து மாணாக்கரைப் பெற்றிருந்தனர் என்பதை அக்கல்வெட்டுகள் ஐயமின்றி உணர்த்துகின்றன. இறந்துபட்ட உறவினர் பொருட்டும் சிலர் திருமேனி செய்வித்தனர். சித்தாந்தம் உரைப்போர் உள்ளிட்ட வைராக்கியர்க்கு உணவளிக்க நிலம் விடப்பட்ட செய்தியும் உண்டு. ஆகவே அது வழிபாட்டிடம் மட்டுமன்று, சமய தத்துவம் ஓதப்பெற்ற கல்விக்கூடமுமாகும்.

அங்கு ஓதப்பெற்ற தத்துவத்தின் அடிப்படை யாது? உயிர் தன் இயல்பில் தூயது. கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா வீரியம், கடையிலா இன்பம் என்னும் நான்கும் அதன் சொந்தப் பண்புகள். எனினும் அது அநாதி காலமாக வினையோடு கட்டுண்டே இருந்து வருகிறது. ஒரு காலத்தில் தூயதாயிருந்து பின்னர் வீழ்ந்தது என்று நம் சமயம் கூறுவதில்லை. மண்ணோடு கலந்தே கிடக்கும் பொன் கனியைப் போன்றது அந்நிலை. பொன் பொன்னே, ஆயினும் உருக்கிப் பிரித்தாலன்றி ஒளிராது. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களே வினை ஒட்டுவதற்குப் பசையாக அமைகின்றன. ஆதலின் தீமை என்பது நமக்குப் புறத்தே நிற்கும் ஒரு பேராற்றல் அன்று. அது நம் இயல்பும் அன்று. நம்மேல் படிந்திருப்பது அது. படிந்ததாதலின் நீக்கவும் கூடும். இவ்வுண்மையைக் கழுகுமலையின் மூன்று சிற்பங்களைக் கொண்டு விளக்கலாம்.

முதலாவது பார்சுவநாதர் சிற்பம். தலைமேல் நாகப்படம் விரிய, தரணேந்திரன் துணைநிற்க, பகவான் அசையாது நிற்கிறார். இதன் பின்னே பல பிறவிக் கதை உண்டு. மருபூதியும் கமடனும் உடன்பிறந்தோர். கமடன் தம்பியின் மனைவிக்குத் தீங்கிழைத்தான். அரசன் அவனை நாடு கடத்தினான். குற்றம் செய்தவன் கமடன். ஆயினும் மருபூதியே அவனைத் தேடிச் சென்று பொறுத்தருளுமாறு வணங்கினான். வணங்கிய தம்பியின்மேல் கமடன் பாறையைப் போட்டுக் கொன்றான். அப்பகை பிறவிதோறும் தொடர்ந்தது. மருபூதியின் உயிர் படிப்படியாக உயர்ந்து பார்சுவநாதராயிற்று. கமடனின் உயிரோ தவத்தில் நின்ற அவர்மீது மழையும் கல்லும் பொழிந்தது. தாக்கியவனிடத்தும் காத்தவனிடத்தும் பகவான் ஒத்த மனத்தினராக நின்றார்.

இக்கதையை நாம் பெரும்பாலும் இவ்வளவில் நிறுத்திவிடுகிறோம். உத்தரபுராணம் இங்கு நிறுத்தவில்லை. இறுதியில் அப்பகைவனும் மனம் அமைந்து நற்காட்சி பெற்றான் என்று அது கூறுகிறது. தமிழகத்துச் சிற்பங்கள் சிலவற்றிலும் கமடன் பகவானின் அடிக்கீழ்ப் பணிந்த நிலையில் காட்டப்பெறுகிறான். பல பிறவி கொலைகாரனாகவே வாழ்ந்த உயிர்க்கும் கதவு அடைக்கப்படவில்லை. தீயோன் என ஓர் உயிரை முத்திரையிட்டு ஒதுக்குவதற்கு நம் சமயத்தில் இடமே இல்லை.

இரண்டாவது பாகுபலி சிற்பம். கொடிகள் கால்களைச் சுற்றிப் படர, இருமருங்கும் பெண்ணுருவங்கள் நிற்கின்றன. அவர்களைப் பிராமி, சுந்தரி என்பர். பரதனை வென்ற பின்னும் நாட்டைத் துறந்து தவத்தில் நின்ற மாவீரர் பாகுபலி. ஓராண்டு அசையாது நின்றும் கேவல ஞானம் கைகூடவில்லை. தம்மால் அண்ணன் மனம் நொந்தானே என்னும் ஓர் எண்ணம் எஞ்சியிருந்ததே காரணம் என ஆதிபுராணம் கூறும். பரதன் வந்து வணங்கியபின் அது நீங்கியது. கமடனைக் கட்டியது கொடிய தீமை. பாகுபலியைத் தடுத்ததோ நுண்ணிய ஒரு நெருடல். தீமையை அளப்பதில் நம் முன்னோர் எத்துணை நுட்பமாக நோக்கினர் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது அம்பிகை இயக்கியின் சிற்பம். சிங்கமும் குழந்தைகளும் ஓர் ஆண் உருவமும் உடன் உள்ளன. முனிவர்க்கு உணவளித்த குற்றத்துக்காகக் கணவனால் வீட்டினின்றும் துரத்தப்பட்டவள் அவள். பின்னர் அவன் மனம் வருந்தி அழைக்க வந்தபோது, அஞ்சி மலையினின்று வீழ்ந்து உயிர் நீத்து இயக்கியானாள். அக்கணவனே மறுபிறவியில் அவளுக்கு ஊர்தியான சிங்கமானான் என்பது கதை. நல்லது செய்தவர்க்கு உடனே நன்மை விளைந்துவிடும் என்று இக்கதை பொய்யாறுதல் கூறவில்லை. நல்வினை செய்தவளும் துன்புற்றாள். எனினும் அவள் செய்த நன்மை வீணாகவில்லை.

இனி இன்பத்துக்கு வருவோம். நல்வினையால் செல்வமும் தேவகதியும் கிடைக்கும். ஆனால் அவற்றுக்கும் முடிவுண்டு. இரும்பு விலங்கேயன்றிப் பொன் விலங்கும் விலங்கே என்னும் கருத்தைப் பொன்னூர் மலையோடு நம் மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தர் சமயசாரத்தில் உணர்த்தினார். ஆதலின் நிலைத்த இன்பம் புறத்தேயிருந்து வருவதன்று, உயிரின் சொந்தப் பண்பு மறைப்பு நீங்கி வெளிப்படுவதே. கழுகுமலைத் திருமேனிகளின் முகங்களில் வெற்றிப் பெருமிதமும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்த அமைதியையே நம் முன்னோர் இன்பம் என்றனர்.

இவ்விடத்தில் இரண்டு செய்திகளை நம் குடும்பத்தார் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒன்று: பிறர் துன்புறும்போது 'அவர் செய்த வினை' என்று கூறி அகலும் வழக்கம் நம்மிடையே உண்டு. வினைக்கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்ளத் தரப்பட்டது. பிறர்மேல் தீர்ப்புக் கூறத் தரப்பட்டதன்று. துன்புறுவோனைக் கண்டு இரங்காத நெஞ்சில் அந்தக் கணமே புதுவினை ஊற்றெடுக்கிறது. அதனாலன்றோ உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானம் இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது.

மற்றொன்று: மதுரையில் சமணர் கழுவேறிய செய்தியைப் பெரியபுராணம் கூறுகிறது. அது நிகழ்ந்ததா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நம் இளைஞர் சிலர் அதை எண்ணி உள்ளம் கொதிக்கின்றனர். அந்நிகழ்ச்சிக்குக் கூறப்படும் ஏழாம் நூற்றாண்டுக்குப் பின்னரே, அதே பாண்டியர் நாட்டில், கழுகுமலைத் திருமேனிகள் எழுந்தன. அதே மலையில் வெட்டுவான் கோயில் என்னும் ஒற்றைக்கல் சிவன் கோயிலும் ஏறத்தாழ அக்காலத்திலேயே குடைந்து முற்றுப்பெறாமல் நின்றது. வரலாறு பகையால் மட்டும் நடந்துவிடவில்லை என்பதற்கு அம்மலையே சாட்சி. பழைய காயத்தை மறக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. நினைவு வேறு, வெகுளி வேறு. நினைவைப் போற்றலாம். வெகுளியைப் போற்றினால் நாம் வணங்குவது பார்சுவநாதரை அன்று, கமடனையே ஆகும்.

பத்து அறங்களுள் முதலில் வைக்கப்பட்டது உத்தமப் பொறை. பொறை, பணிவு, நேர்மை, தூய்மை என்னும் முதல் நான்கும், முறையே வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுக்கு மாற்று மருந்துகள். மருபூதியும் கமடனும் வேற்றார் அல்லர், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நம் ஊர்களிலும் வரப்புத் தகராற்றினாலும் பாகப்பிரிவினையாலும் பேச்சற்றிருக்கும் உடன்பிறந்தோர் இல்லாமலில்லை. இவ்விழாவில் ஆலயத்தில் ஒருவரையொருவர் காணும்போது, குற்றம் எவருடையது என்று எண்ணாமல், மருபூதியைப்போல் முதலில் கைகூப்புபவர் எவரோ, அவர் கழுகுமலைக்குப் போகாமலேயே அம்மலையைக் கண்டவராவார்.