கல்லுக்குள் இருந்த காற்று
(குரோனிங்கன் எரிவாயுப் பாறையின் வரலாறு)



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும்தான் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் நாம் மிதித்து நடக்கும் கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அப்படிப்பட்ட ஒரு பாறையின் கதையைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

1641ஆம் ஆண்டில் மலாக்காவைப் பிடித்து, அங்கே இன்றும் நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடத்தைக் கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்களுடைய நாடு நெதர்லாந்து. அந்த நாட்டின் வடகிழக்கு மூலையில் குரோனிங்கன் என்று ஒரு மாநிலம். கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி, கிழங்கு வயல்கள், பசு மாடுகள், செங்கல் வீடுகள். அந்த வயல்களுக்கு அடியில், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது நம் கதையின் நாயகனான பாறை. அதன் பரப்பு சுமார் 900 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அடுப்பு, பானை, மூடி

"கல்லுக்குள்ளே எப்படிக் காற்று போச்சு?" என்று பிள்ளைகள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. சமையலறையை நினைத்துக்கொண்டால் விடை சுலபமாக விளங்கும். அடுப்பு, பானை, மூடி ஆகிய மூன்றும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன.

முதலில் அடுப்பு. சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் வெப்பமான சதுப்புக் காடாக இருந்தது. மரங்கள் விழுந்து, இலைகள் மக்கி, சேற்றுக்குள் அடுக்கடுக்காகப் புதைந்தன. பேராக், சிலாங்கூர் கடலோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு, கால் வைத்தால் உள்ளே போகும் கறுப்பு மண் தெரியும் அல்லவா? அந்த மாதிரி மண்தான். அதன்மேல் மேலும் மேலும் மண் படிந்து அழுத்த, பூமியின் உள்சூடு வேகவைக்க, அது நிலக்கரியாக மாறியது. இன்னும் ஆழத்துக்குப் போய்ச் சூடு ஏற ஏற, நிலக்கரியிலிருந்து எரிவாயு வெளியேறத் தொடங்கியது.

இரண்டாவது பானை. சதுப்புக் காடு அழிந்து பல கோடி ஆண்டுகள் கழிந்தபின் அதே இடம் வறண்ட பாலைவனமாயிற்று. காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியது. திடீர் வெள்ளங்களும் மணலை அள்ளிவந்து பரப்பின. அந்த மணல் நாளடைவில் இறுகி, 100 முதல் 200 மீட்டர் வரை தடிப்புள்ள மணற்கல் ஆனது. கல் என்றால் உள்ளே இடமே இல்லாத கல் என்று எண்ணிவிடாதீர்கள். காய்ந்த செங்கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். இந்த மணற்கல்லும் அப்படியே. மணிக்கு மணி நடுவே சின்னஞ்சிறு இடைவெளிகள். நூற்றில் 15 முதல் 20 பங்கு வரை வெற்றிடம்தான். கீழேயிருந்து ஏறிவந்த வாயு அந்த இடைவெளிகளில் குடியேறியது. ஆகவே, பூமிக்கு அடியில் பெரிய குகை ஒன்று இருந்தது, அதில் வாயு நிறைந்திருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது மூடி. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் உள்ளே புகுந்து பாலைவனத்தை மூடியது. வெயிலில் அந்தக் கடல் மீண்டும் மீண்டும் வற்றியதால் கனத்த உப்புப் படுகை உண்டாயிற்று. பூமியின் ஆழத்தில் உப்புக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தத்தில் அது மெல்ல இளகி, விரிசல்களைத் தானே அடைத்துக்கொள்ளும். இதைவிட நல்ல மூடி கிடைக்குமா? மேலே போக வழியில்லாத வாயு, பானைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

1959: பொக்கிஷம் திறந்தது

1959ஆம் ஆண்டில் ஸ்லொக்தரன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் வயலில் துளை போட்டார்கள். துளைத்தது ஷெல், எஸ்ஸோ ஆகிய இரண்டு எண்ணெய் நிறுவனங்களுக்கும் சொந்தமான ஒரு டச்சு நிறுவனம். ஜூலை மாதம் வாயு பீறிட்டது. கிடைத்தது எவ்வளவு பெரியது என்பது உடனே அவர்களுக்கே விளங்கவில்லை. மேலும் கிணறுகள் தோண்டத் தோண்ட, கணக்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அங்கே இருந்தது ஏறக்குறைய 2,800 பில்லியன் கனமீட்டர் என்று தெரியவந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று அது.

அதற்குப் பிறகு நாடே மாறிப்போச்சு. வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். நிலக்கரி அடுப்புகள் ஒழிந்தன. 1960களின் முடிவுக்குள் நாடு முழுவதும் குழாய் வாயுவில் சமையல் நடந்தது. தெற்கே லிம்பர்க் மாநிலத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களை மூடப் போவதாக 1965 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. 1974இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. பல்லாயிரம் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று. தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில் நம்மவர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, அந்தக் குடும்பங்களின் மனநிலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வாயு விற்ற வருமானத்தில் நெதர்லாந்து அரசாங்கத்துக்குக் கிடைத்தது மொத்தம் 360 பில்லியன் யூரோவுக்கு மேல். பள்ளிக்கூடங்களும் சாலைகளும் மக்கள் நலத் திட்டங்களும் அந்தப் பணத்தால் பயன்பெற்றன. நல்லது நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சுவரில் விழுந்த கீறல்

ஆனால் பாறை என்ன ஆயிற்று? அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

மேலே கிடக்கும் மூன்று கிலோமீட்டர் மண்ணையும் கல்லையும் மணல்மணிகள் மட்டும் தாங்கவில்லை. நடுவே அடைபட்டிருந்த வாயுவும் சேர்ந்து தாங்கியது. தொடக்கத்தில் அந்த வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 350 பார். ஒரு காரின் டயருக்குள் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல்தான். வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அந்த அழுத்தம் 100 பாருக்கும் கீழே இறங்கியது. பாரம் முழுவதும் மணல்மணிகளின் தலையில் விழ, மணற்கல் நசுங்கத் தொடங்கியது. நம் கறுப்பு மண் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தபின் நிலம் தாழ்ந்து, செம்பனை மரங்கள் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் வேறு என்றாலும், உள்ளே இருப்பதை எடுத்தால் நிலம் இறங்கும் என்பது இரண்டுக்கும் பொது. குரோனிங்கனின் நடுப்பகுதியில் தரை 30 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

தாழ்ந்ததோடு நிற்கவில்லை. அந்தப் பாறையில் பழைய காலத்துப் பிளவுகள் பல உண்டு. பிளவின் இருபக்கமும் ஒரே அளவாக நசுங்காதபோது, கல் சட்டென்று வழுக்கும். அதுதான் நிலநடுக்கம்.

1986 டிசம்பர் 26ஆம் தேதி, பக்கத்து மாநிலத்தில், வேறொரு சிறிய எரிவாயு வயலின் அருகே, ஆசன் நகரம் அதிர்ந்தது. 1991இல் குரோனிங்கன் வயலிலேயே நடுக்கம் பதிவாயிற்று. "வாயு எடுப்பதால்தான் இப்படி" என்று மேன்ட் ஃபான் டெர் ஸ்லைஸ் என்னும் புவியியலாளர் எடுத்துச் சொன்னார். நிறுவனமும் அதிகாரிகளும் ஏற்கவில்லை. 1993இல் வெளியான ஆய்வுதான் அவர் சொன்னதில் உண்மை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும் என்ன பயன்? சின்னச் சின்ன நடுக்கம்தானே என்று வாயு எடுப்பது தொடர்ந்தது.

2012 ஆகஸ்டு 16ஆம் தேதி ஹௌசிங்கே என்னும் சிற்றூர் 3.6 அளவில் குலுங்கியது. சுமத்ராவின் பெரிய நடுக்கங்களைக் கேள்விப்பட்ட நமக்கு 3.6 என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்த நடுக்கம் பிறந்தது மூன்று கிலோமீட்டர் ஆழத்தில். வீட்டுக்கு நேர் கீழே! செங்கல் சுவர்களில் கீறல், புகைபோக்கிகளில் பிளவு, இரவில் தூக்கமில்லாத பிள்ளைகள். சுரங்கக் கண்காணிப்புத் துறை, உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று 2013 ஜனவரியில் ஆலோசனை கூறியது. ஆனால் அந்த ஆண்டு எடுத்ததோ சுமார் 54 பில்லியன் கனமீட்டர். முந்தைய ஆண்டைவிட அதிகம்!

மக்கள் விடவில்லை. ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சேத மனுக்கள் குவிந்தன. சுமார் 27,000 கட்டடங்களைச் சோதித்து, தேவையானால் பலப்படுத்த வேண்டும் என்று பட்டியல் போட நேர்ந்தது. 2018 ஜனவரியில் இன்னொரு பெரிய நடுக்கம் வந்தபிறகு, வயலை மூடுவதாக அரசாங்கம் முடிவு செய்தது. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழு, குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று வெளிப்படையாக அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. 2024 ஏப்ரலில் கிணறுகளை நிரந்தரமாக மூடும் சட்டம் நிறைவேறியது. பாறைக்குள் இன்னும் சுமார் 450 பில்லியன் கனமீட்டர் வாயு இருக்கிறது. இருந்தும், வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் எரிவாயு உண்டு. சரவாக் கடலுக்கு அடியில், பழங்காலப் பவளப் பாறைகள் இறுகி உண்டான சுண்ணாம்புக்கல்லில் அது தங்கியிருக்கிறது. 1983 முதல் பிந்துலுவிலிருந்து கப்பலேறி வெளிநாடு போகிறது. நாட்டுக்கு வருமானம் தரும் செல்வம் அது. வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

சொல்ல வருவது இதுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிறைந்த பானையை, அறுபது ஆண்டுகளில் வேகமாகக் காலி செய்தார்கள். இலாபம் தூரத்து ஊர்களுக்கும் போனது. கீறல் மட்டும் மேலே குடியிருந்தவன் சுவரில் விழுந்தது. அவன் "என் வீடு ஆடுதய்யா" என்று சொன்னபோது, படித்தவர்கள் பலர் காது கொடுக்கவில்லை. அந்தக் குரலுக்கு வலுச் சேர்த்தது எது? கல் எப்படி நசுங்குகிறது, நிலம் எப்படி நடுங்குகிறது என்று கணக்கோடு எடுத்துக் காட்டிய கல்விதான்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் உங்களில் யாராவது நாளை மண்ணியல் படிக்கப் போங்கள். பெற்றோர்களே, பிள்ளை கையில் ஒரு கல்லை எடுத்துவந்து "இது என்ன?" என்று கேட்டால், "தூக்கி எறி" என்று அதட்டாதீர்கள். அந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் ஓர் ஊரையே காப்பாற்றலாம்.